மைபோமியன் சுரப்பிக்கு 'இமைநெய்ச் சுரப்பி'

அன்புடையீர், வணக்கம்.

கண் வறட்சிச் சிகிச்சைக் கையேட்டில், இமைகளுக்குள் இருந்து இமை விளிம்பில் நெய் சுரக்கும் சுரப்பியை 'மைபோமியன் சுரப்பி' என்றே ஒலிபெயர்த்து எழுதலாம் என்ற கருத்து இந்த இழையில் வந்துள்ளது. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோம் 1666இல் அச்சுரப்பிகளை விவரித்து எழுதியதால் வந்த பெயர் அது. மருத்துவ மாணவருக்கு அதுவே போதும். நோயாளி படிக்கும் கையேட்டிலோ, சுரப்பியின் வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும் என்பதால் 'இமைநெய்ச் சுரப்பி' என்பதை முன்மொழிகிறேன்.

கண்ணீர் குறைவாகச் சுரப்பதால் மட்டுமே கண் வறள்வதில்லை. இச்சுரப்பிகளிலிருந்து வந்து கண்ணீரின் மேல் படரும் நெய்யடுக்கு குன்றி, நீர் விரைந்து ஆவியாவதே பலருக்குக் காரணம். அத்தகையோர் கண்ணில் ஃபுளோரசின் என்ற ஒளிரும் சாயமிட்டு நீல ஒளியில் நோக்கினால், சிமிட்டிய பத்து நொடிக்குள்ளாகவே பச்சைப் பரப்பில் கண்ணீர்ப் படலம் கலைந்த இடங்கள் கரும்புள்ளிகளாக விழுவதைக் காணலாம். இப்படி வறளும் கண் உறுத்துவதாலேயே சிலருக்குக் கண்ணீர் வடியும். "தண்ணீராகக் கொட்டுகிறதே, வறட்சி என்கிறீர்களே" என்று அவர்கள் கேட்பது நியாயமானது. நெய் குறைவு என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

சிகிச்சையும் அப்பெயரிலேயே புலப்படும். கெட்டிப்பட்ட சுரப்பு இளகுவதற்காகவே, மூடிய இமை மீது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் ஒத்தடம் கொடுத்து, பிறகு இமையை விளிம்பு நோக்கி மெல்ல நீவச் சொல்கிறார்கள். உறைந்த நெய் சூட்டில் உருகும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'கொழுப்புச் சுரப்பி' என்ற பரிந்துரையை நான் ஏற்கத் தயங்குகிறேன்; இரத்தக் கொழுப்போடு அதைத் தொடர்புபடுத்திக் குழம்புவார்கள். 'எண்ணெய்ச் சுரப்பி' என்றால், கண்ணில் விளக்கெண்ணெய் விடும் பழக்கமுள்ளோர் அதையே மருந்தாகக் கொள்ளக்கூடும். நெய்க்கும் அந்த ஆபத்து ஓரளவு உண்டு. எனவே, வீட்டு நெய்யைக் கண்ணில் இடக்கூடாது என்று கையேட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

இச்சொல்லை ஏற்றால் நோயின் இரு வகைகளையும் 'நீர்க்குறை வறட்சி', 'நெய்க்குறை வறட்சி' எனப் பிரித்தெழுத முடியும். உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயில் காண்பது முதல் வகை. கண்ணீரின் அளவை அறியக் கீழிமையில் செருகும் ஷிர்மர் தாள் ஐந்து நிமிடத்தில் 5 மில்லிமீட்டர்கூட நனையாத அத்தகையோருக்கே கண்ணீர் வடிந்து போகும் இமைத் துளையை மூடும் கண்ணீர்த் துளை அடைப்பான் பெரிதும் உதவும். இரண்டும் கலந்து வருவோரும் பலர் என்பதால், 'கலப்பு வறட்சி' என்ற மூன்றாம் சொல்லும் தேவைப்படலாம். அது பொருந்துமா என்பதைக் கண் மருத்துவத் துறையினர் தெரிவிக்க வேண்டுகிறேன்.