நிலாவில் நடக்கும் காட்சி: 60 பிரேமா, கயிறா?

கூடல்நகர் எடிட்டர்
மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ராத்திரியில, சின்ன செலவுல, மூணு நிமிஷ நிலாக் காட்சி எடுக்க வழி கேட்கிற குறும்படக் குழுக்களுக்கு என் பதில் ஒண்ணுதான். வினாடிக்கு 60 பிரேம்ல எடுத்து 24-ல ஓட்டுங்க. நிலாவோட ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு. அதனால அங்கே விழ ஆகிற நேரம் ஆறின் வர்க்கமூலம், அதாவது 2.45 மடங்கு. அதை 24-ஆல் பெருக்கினா 59. செல்போன்லயே 60 பிரேம் இருக்கு. 40 செ.மீ. உயரம் குதிச்சா பூமியில் 0.57 வினாடி, நிலாவில் 1.4 வினாடி காற்றில் இருப்போம். இப்படி ஓட்டினா அந்த 1.4 கிட்டத்தட்ட அப்படியே வரும். செவ்வாய்க் காட்சின்னா 39 பிரேம். ஆளைத் தொங்கவிடக் கயிறு, கப்பி எதுக்கு?

திருமங்கலம் கப்பி
தம்பி, கணக்கு விழுகிற பொருளுக்குத்தான் சரி. ஆள் கையை ஆட்டுறதும் தலையைத் திருப்புறதும் ஈர்ப்பாலயா நடக்குது? தசையால நடக்குது. நிலாவில் நின்னாலும் கை அதே வேகத்தில்தான் அசையும். உங்க முறையில அதுவும் இரண்டரை மடங்கு மெதுவாகும். தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்குன்னு பார்க்கிறவங்க சொல்றது இதனாலதான்.

கயிறு கட்டினா நடிகர் தன் வேகத்திலேயே நடிக்கலாம். ஆனா எடை போடுறதில் நிறையப் பேர் தப்பு பண்றாங்க. 60 கிலோ ஆளுக்கு எதிர்ப்பக்கம் 50 கிலோ தொங்கவிட்டா மிச்சம் 10 கிலோ, ஆறில் ஒண்ணு, சரின்னு நினைக்கிறாங்க. நிக்கிறவரைக்கும் சரி. குதிச்சா அந்த 10 கிலோ இழுப்பு ஆளையும் எடையையும் சேர்த்து 110 கிலோவை நகர்த்தணும். கீழே வர்ற முடுக்கம் பதினொண்ணுல ஒரு பங்காயிடும், ஆள் இறங்கவே மாட்டார். குதிக்கிற காட்சிக்கு 43 கிலோ போடுங்க. (60−43)-ஐ (60+43)-ஆல் வகுத்தா ஆறில் ஒண்ணு வரும். மலையேறுறவங்க போடுற இடுப்புப் பட்டையில் ரெண்டு பக்கமும் கயிறு மாட்டணும். முதுகில் ஒரே இடத்தில் மாட்டினா ஆள் முன்னாடி கவிழ்ந்துடுவார்.

கூடல்நகர் எடிட்டர்
அண்ணே, 43 கிலோ கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா கால் உதைச்சுக் கிளப்புற மண்ணுக்கு யார் கயிறு கட்டுறது? ஆள் நிலாவில் விழுறார், மண் அதே பிரேமில் பூமி வேகத்தில் விழுது. கண்ணு அதைத்தான் முதல்ல பிடிக்கும். என் முறையில ரெண்டும் ஒரே வேகத்தில் விழும். கை அசைவுக்கு வழி இருக்கு: ஒரு வினாடி ஆக வேண்டிய அசைவை நடிகர் 0.4 வினாடியில் முடிக்கணும். அதோட, அப்பல்லோ வீரர்கள் போட்ட உடையும் முதுகுப்பெட்டியும் பூமியில் 90 கிலோ எடையை ஒட்டி வரும். உள்ளே காற்றழுத்தம் வேற. அதனால அவங்க கையே விறைப்பா, மெதுவாத்தான் அசையும். உடையை விறைப்பாத் தைச்சா பாதிக் குறை மறைஞ்சிடும்.

மண்ணும் முக்கியம். காற்றில்லாத இடத்தில் தூசி புகையா நிக்காது, ஒவ்வொரு துகளும் வில்லு போல வளைஞ்சு போய் விழும். கிரஷர் தூசி போட்டா மேகமா எழும்பும், காட்சி அங்கேயே செத்துடும். நுரையீரலுக்கும் கேடு. எம்-சாண்டைக் கழுவி, நைஸான தூளை வெளியேத்தி, காய வெச்சு, 1–2 மி.மீ. துகளாச் சலிச்சுப் போடுங்க. 5 மீட்டருக்கு 4 மீட்டர் தரையில் 5 செ.மீ. கனத்துக்கு 35 கன அடி வேணும், அதாவது (100 கன அடி ஒரு யூனிட்) யூனிட்டில் மூணில் ஒரு பங்கு.

வைகை வடகரை
ரெண்டு பேரும் கதையை விட்டுட்டு மண்ணைச் சலிச்சிட்டு இருக்கீங்க. 1968-ல் வந்த குப்ரிக்கோட ‘2001’ விண்வெளிப் படத்தில் நிலாவில் ஒரு கூட்ட அறைக் காட்சி வருது. எல்லோரும் பூமியில் நடக்கிற மாதிரியேதான் நடக்கிறாங்க. அதனால அந்தப் படம் கெட்டுப்போச்சா? விண்வெளியில் சத்தம் கேட்காதுன்னு மூச்சுச் சத்தத்தை மட்டும் வெச்சாங்களே, அதான் இன்னைக்கும் நிக்குது. சின்னக் குழு ஒரே ஒரு விதியைப் பிடிச்சுக்கட்டும், அதைக் கடைசிவரை மீறாம இருக்கட்டும். என் ஓட்டு மௌனத்துக்கு. வெடிச்சாலும் சத்தம் இல்லை, தலைக்கவசத்துக்குள்ள மூச்சு மட்டும். இதுக்கு ஒரு மைக் போதும்.

திருமங்கலம் கப்பி
மௌனம் சரி, அது எல்லா முறைக்கும் பொது. ஆனா அந்த அறைக் காட்சியில் மண்ணும் இல்லை, குதிப்பும் இல்லை. வெளியே நடக்கிற காட்சிக்கு அதைச் சாட்சியாக் கொண்டுவர முடியாது.

எடிட்டர் தம்பிக்கு: 1960-களில் நாசா லாங்லி மையத்தில் ஆளைக் கயிற்றில் பக்கவாட்டில் படுக்கத் தொங்கவிட்டு, செங்குத்திலிருந்து 9.5 பாகை சாய்ஞ்ச பலகைமேல நடக்கவெச்சாங்க. சைன் 9.5 ஆறில் ஒண்ணுக்குச் சமம். கேமராவையும் அதே மாதிரி சாய்ச்சா ஆள் நிமிர்ந்து நடக்கிறதாத் தெரியும். எதிரெடைத் தொல்லையே இல்லை. அந்தப் பலகையில மண் மட்டும் நிக்காது, அதனால முழங்காலுக்கு மேலே பிரேம் வைக்கணும்.

கூடல்நகர் எடிட்டர்
அப்போ பாதம் தெரியிற ஷாட் எல்லாம் 60 பிரேமுக்குத்தான்னு நீங்களே சொல்லிட்டீங்க. நிலாக் காட்சின்னா பாதம்தானே அண்ணே!

ஒளிக்கற்றை
வெளிச்சத்தை யாருமே தொடலை. நிலாவில் ஒரே சூரியன், அகலம் அரைப் பாகை. 20 செ.மீ. விட்டமுள்ள விளக்கை 22 மீட்டர் தள்ளி வெச்சா அதே கூர்மையில் நிழல் விழும். 5 மீட்டரில் வெச்சா நிழல் விரியும். அதோட விளக்கிலிருந்து 3 மீட்டரில் நிக்கிறவர் 7 மீட்டரில் நிக்கிறவரைவிட 5 மடங்கு வெளிச்சமாத் தெரிவார். சூரியன் ஒரு நாளும் அப்படிச் செய்யாது. ரெண்டாவது விளக்கு வேண்டவே வேண்டாம். வானத்தில் நட்சத்திரமும் போடாதீங்க, வெயில்பட்ட தரைக்கு ஏத்த மாதிரி எக்ஸ்போஷர் (கேமராவுக்குள்ள விடுற வெளிச்ச அளவு) வெச்சா நட்சத்திரம் பதியாது.

60 பிரேம்காரங்களுக்கு: நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விலை குறைஞ்ச எல்இடி வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். ஷட்டரை 1/120 வினாடியில் வெச்சா படம் துடிக்கும். 1/100-ல் வைங்க, ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைச்சு வெளிச்சம் சமமாயிடும்.

அழகர்மலைக்காரி
இடத்தைப் பத்தி ஒண்ணு. கீழவளவு பஞ்சபாண்டவர் மலையில் சமணர் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கு. அங்கே கப்பியும் வேண்டாம், மண்ணும் கொட்ட வேண்டாம். அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமா அறிவிக்கப்பட்டது. ராப்பூரா விளக்கைப் போட்டு அங்கே இருக்கிற வல்லூறையும் தேவாங்கையும் விரட்டாதீங்க. கைவிட்ட குவாரியில் பள்ளம் முழுக்கத் தண்ணி நிக்கும், இருட்டில் விளிம்பே தெரியாது. அதைவிட, கேட்டு வாங்கின ஒரு களத்துமேட்டில் கறுப்புத்துணி கட்டி எடுங்க. 22 மீட்டர் தூரமும் அங்கே தாராளமாக் கிடைக்கும்.