350 ஸ்கொயர் ஃபீட்ல ரெண்டு ஆபீஸ், நடுவுல ஒரு ஸ்லைடிங் கதவு

ரெண்டாம்மாடி: புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வீட்ல இருந்தே வேலைன்னா ரெண்டு பெட்ரூம் இல்லாம முடியவே முடியாதுன்னு நேத்து பக்கத்து திரியில ஒருத்தர் தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார். நாங்க 350 ஸ்கொயர் ஃபீட்ல நாலு வருஷமா ஓட்டிட்டு இருக்கோம். காலைல கட்டிலை மடக்கி சுவத்தோட சாத்திட்டா அந்த இடத்துல அவங்க டேபிள், நடுவுல ஸ்லைடிங் கதவு, இந்தப் பக்கம் நான். ஒரே நேரத்துல ரெண்டு மீட்டிங் ஓடும், ஒரு பிரச்சனையும் கிடையாது.

வாசக்கால்: அந்த "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். ஸ்லைடிங் கதவு மேல தண்டவாளத்துல தொங்குற சாமான் சார். சுவத்துக்கும் அதுக்கும் நடுவுல கேப், கீழ கேப். காத்து போற வழியில சத்தமும் போகும். கதவுக்கு கீழ எவ்ளோ கேப் இருக்கு? அளந்து சொல்லுங்க.

மேசைவிளக்கு: சுவத்துல ஃபோம் ஒட்டிக்கலாமே, நான் ஒட்டிருக்கேன்.

வாசக்கால்: ஃபோம் ரூமுக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும், பக்கத்து ரூமுக்குப் போற சத்தத்தை நிறுத்தாது. அதுக்கு கனம் வேணும், இண்டு இடுக்கு இல்லாம அடைக்கணும். கதவு பரப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே கதவு தடுக்கற சத்தம் கிட்டத்தட்ட 20 டெசிபலோட சரி, அப்புறம் தேக்குல பண்ணாலும் இரும்புல பண்ணாலும் ஒண்ணுதான். கீழ எவ்ளோ கேப்?

நிலாச்சோறு: ஒரு நிமிஷம், "பிரச்சனை இல்ல"ன்னா என்ன அர்த்தம்? சத்தமே கேக்கலையா, கேக்குது ஆனா பேசுறது புரியலையா? ரெண்டும் வேற வேற. அதை முதல்ல முடிவு பண்ணிட்டு சண்டை போடுங்க.

ரெண்டாம்மாடி: ஹாங்காங்ல கேரி சாங்னு ஒரு ஆர்க்கிடெக்ட் 344 ஸ்கொயர் ஃபீட் வீட்டை நகர்ற சுவர் வெச்சு 24 விதமா மாத்திக் காட்டிருக்கார். அவருக்கும் போய் டேப்பை நீட்டுங்களேன்.

வாசக்கால்: அவர் அதைப் பண்ணது தான் ஒருத்தர் இருக்கறதுக்கு. யார்கூட ஒரே நேரத்துல மீட்டிங்? 24 இல்ல 240 விதமா மாத்தட்டும். கேட்டது கேப்.

குறுக்குச்சந்து: சின்ன வீடு பத்தி விவாதம்னு யாரோ சொன்னாங்க, ஓடி வந்தேன். ஏமாந்துட்டேன் 😭

நிலாச்சோறு: இவன் ஒருத்தன். கட்டில் விஷயத்தையாவது யாராச்சும் கேளுங்க, ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட்னா பகல்ல கட்டிலை எப்படி மடக்குவீங்க? ஆளோட சேத்தா?

மேசைவிளக்கு: நான் ஒட்டின ஃபோம் நல்லாதான் வேலை செய்யுது, எனக்கு ஒண்ணுமே கேக்கல.

வாசக்கால்: நீங்க ஹெட்போன் போட்டிருப்பீங்க.

ரெண்டாம்மாடி: வாசக்கால் சாருக்கு இது பழக்கம். போன வருஷம் பரண் திரியில "படுக்கையை பரண்ல போடுங்க, கீழ முழுசும் ஆபீஸ்"னு எல்லாருக்கும் அட்வைஸ் பண்ணார், அதைக் கேட்டு போட்டவன் நான். எழுந்து உக்காந்தா தலை சீலிங்ல இடிச்சுது, ஆறே மாசத்துல பிரிச்சேன். அந்த ஆள் இப்போ டெசிபல் கணக்கு சொல்றார்.

வாசக்கால்: படுக்கைக்கு மேல மூணு அடியாவது விடணும்னு அங்கேயே எழுதிருந்தேன், பாதி படிச்சிட்டு ஆசாரியைக் கூப்பிட்டா நான் என்ன பண்றது. பேச்சை மாத்தாதீங்க. கீல் வெச்ச கனமான கதவு, நிலையைச் சுத்தி ரப்பர் பீடிங், இது மட்டும்தான் வழி.

ரெண்டாம்மாடி: கீல் கதவு திறக்க மூணு அடி இடம் வேணும், அதை உங்க வீட்லேர்ந்து தருவீங்களா? சரி, அளந்துட்டேன். முக்கா இஞ்சு. தரை ஒரு பக்கம் சரிவு, அதனாலதான். கதவு மேல தப்பில்ல.

வாசக்கால்: முக்கா இஞ்சு!!! யாராவது இதை மேல பின் பண்ணுங்கப்பா.

ரெண்டாம்மாடி: பண்ணுங்க, அப்படியே அந்த பரண் திரியையும் சேத்து பின் பண்ணுங்க.

மேசைவிளக்கு: ஹெட்போன் போடல. வெறும் காதுதான்.