வான்கூவர் வளாகத்தில் திருப்பிப் போட்ட எழுத்து

பழைய அச்சுக்காரன்:
மகளைச் சேர்த்துவிட கனடாவின் வான்கூவரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். அவள் ஏதோ படிவத்துக்காக வரிசையில் நிற்க, நான் வெளியே உலாத்தினேன். நடைபாதையோரம் ஓர் அலுமினியப் பலகை. பார்க்க அரசாங்க அறிவிப்பு மாதிரியே இருந்தது. மேலே 'பிரிட்டிஷ் கொலம்பியா' என்று ஆங்கிலத்தில். ஆனால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தது. யாரோ அச்சு பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தொழில் புத்தி! இடவலம் மாறியே இருக்கும் ஈய அச்செழுத்தைக் கோத்துப் பழகிய கண் என்பதால் சட்டென்று படித்துவிட்டேன். மற்றவர்கள் கொஞ்சம் திணறித்தான் படிக்க வேண்டும்.

அதற்குக் கீழே எழுத்து நேராக இருந்தது: இன்று உங்களை உபசரிப்பவர் மஸ்குவீம்.

அப்புறம் மகள்தான் விசாரித்துச் சொன்னாள். அது பல்கலைக்கழகத்தின் பெல்கின் கலைக்கூடத்துக்குச் சொந்தமான கலைப்படைப்பாம். செய்தவர் செயேன், அரபாஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களைச் சேர்ந்த எட்கர் ஹீப் ஆஃப் பேர்ட்ஸ். எழுத்தை வேண்டுமென்றேதான் திருப்பியிருக்கிறார். இப்படி 12 பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூர்வகுடியின் பெயர். வளாகம் இருப்பது மஸ்குவீம் மக்களின் நிலம். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் எழுதிக் கொடுக்காத நிலம். வாடகைக்குப் போனால்கூட முதலில் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசுவோம். இங்கே வந்து மூன்று நாளாகியும் எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

இதே பலகையைக் கலைக்கூடச் சுவரில் மாட்டியிருந்தால் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

கடலோர வாசகி:
ஐயா, அதே வளாகத்தில் ஹைடா பூர்வகுடிக் கலைஞர் ஜேம்ஸ் ஹார்ட் செதுக்கிய நல்லிணக்கக் கம்பத்தைப் பார்த்தீர்களா? 2017இல் நட்டது, சுமார் 800 வயதான செந்தேவதாரு மரம். நடுவில் ஒரு உறைவிடப் பள்ளிக்கட்டடம் செதுக்கியிருக்கும். பெற்றோரிடமிருந்து பிரித்த பூர்வகுடிப் பிள்ளைகளை அடைத்துவைத்த பள்ளிகள் அவை. அதைச் சுற்றி மினுக்மினுக்கென்று இருந்ததை அலங்கார வேலை என்று நினைத்துக் கிட்டப் போனேன். அத்தனையும் செம்பு ஆணி. அந்தப் பள்ளிகளில் இறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நினைவாக அடித்தவை, ஆணிகள் மொத்தம் 68,000க்கும் மேல். அங்கே படித்து உயிர் பிழைத்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தங்கள் கையாலேயே அடித்திருக்கிறார்கள். மேலே செதுக்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பாதமே இல்லை. காரணம் கேட்டேன், காலூன்ற நிலம் இல்லாமல் போனவர்கள் என்றார்கள். என்னால் அங்கே போட்டோ எடுக்க முடியவில்லை.

புதுசு:
அடுத்த மாதம் போகிறேன். டிக்கெட் உண்டா?

பழைய அச்சுக்காரன்:
பலகையும் கம்பமும் வெட்டவெளியில்தான் இருக்கின்றன தம்பி, பெல்கினுக்குள்ளும் காசு கிடையாது. அதே வளாகத்தில் இருக்கும் மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். ஆனால் ஹைடா கலைஞர் பில் ரீட் செதுக்கிய காக்கைச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. சிப்பிக்குள்ளிருந்து முதல் மனிதர்கள் எட்டிப்பார்ப்பார்கள். பழைய கனடா 20 டாலர் நோட்டின் பின்பக்கம் இருந்த அதே காக்கை. குடை எடுத்துக்கொண்டு போங்கள்.