எம்எஸ் உள்ளவருக்கு 6/6 பார்வை, ஆனாலும் மங்கல்: எதைச் சோதிப்பது?

கேள்வி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ், நரம்பு உறையைத் தாக்கும் நோய்) உள்ளவர். இரண்டு கண்ணும் 6/6, அதாவது அட்டையில் இயல்பான பார்வை. ஆனால் அந்தியில் படிக்கட்டு விளிம்பு தெரியவில்லை, வெந்நீரில் குளித்தால் மங்குகிறது என்கிறார். கண்ணாடிப் பவர் மாறவில்லை. அடுத்து என்ன?

பதில் 1: 6/6-ஐ நம்பி அனுப்பிடாதீங்க. வெள்ளையில் அழுத்தமான கறுப்பு எழுத்தை, பார்வை நரம்பிழை கணிசமாகக் குறைந்தவரும் படித்துவிடுவார். 2.5% கான்ட்ராஸ்ட் ஸ்லோன் அட்டையை (மங்கல் எழுத்து அட்டை) 2 மீட்டரில், கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்லுங்க. எழுத்து வெளிறிய சாம்பலாக இருக்கும். வெளிச்சம் மாறினால் மதிப்பெண்ணும் மாறும், அதனால் எப்போதும் ஒரே அறை, ஒரே விளக்கு. பிறகு சொட்டுமருந்துக் குப்பியின் சிவப்பு மூடியைக் காட்டுங்க. பாதித்த கண்ணுக்கு அது சாயம் போன மாதிரி தெரியும்.

பதில் 2: கூடவே ஓசிடி (விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஸ்கேன்). மாக்குலாவின் (விழித்திரை மையத்தின்) கேங்கிலியன் செல் அடுக்கு, அதாவது பார்வை நரம்பிழைகள் கிளம்பும் செல்கள், இரு கண்ணுக்கும் 4 மைக்ரான் அல்லது மேல் வித்தியாசப்பட்டால், பழைய பார்வை நரம்பழற்சியைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சமமாக மெலிந்திருந்தால் வித்தியாசமே காட்டாது, கவனம். கிளாக்கோமா, அதிக மைனஸ் பவரும் குழப்பும். புதிதாக அழற்சி வந்த கண்ணில் மெலிவு உடனே தெரியாது. 3 மாதம் கழித்து மறுபடி எடுங்க.

பதில் 3: கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடும் முன்பே, இருட்டறையில் டார்ச்சை கண்ணுக்குக் கண் மாற்றி அடிச்சு, பாப்பா சுருங்குவதில் வித்தியாசம் உண்டான்னு பாருங்க. விட்ட பிறகு இந்தச் சோதனை வீண். அடுத்து இடம் வலமாக வேகமாகப் பார்க்கச் சொல்லுங்க: மூக்குப் பக்கம் வரும் கண் பின்தங்கினால் சிக்கல் மூளைத்தண்டில். வெந்நீர் மங்கல் உட்தாஃப் விளைவு, அதாவது உடம்புச் சூட்டில் பார்வை தற்காலிகமாக மங்குவது. உடம்பு குளிர்ந்ததும் போகும். கண்ணை அசைக்க வலித்து, பார்வையும் இறங்கினால் அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்க.