நாளைக்கு ஞாயிறு, மாஜிஸ்திரேட் இருப்பாரா?

மாலா சித்தி: சரவணனை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். வண்டி நிறுத்துகிற தகராறு, கைகலப்பு என்று எஃப்.ஐ.ஆர். போட்டாச்சாம். நாளைக்கு ஞாயிறு, கோர்ட் கிடையாது, திங்கள்தான் என்கிறார் ஏட்டு. அதுவரை அங்கேயா இருப்பான்?

வித்யா: முடியாது சித்தி. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியே ஆக வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற வழி நேரம் மட்டும்தான் கழிவு. அரசியல் சாசனம் 22வது பிரிவிலேயே இருக்கிறது. லீவு நாள் என்றால் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டிப் போவார்கள்.

வித்யா: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள்?

மாலா சித்தி: ஏழு, ஏழரை இருக்கும். மருந்துக்கடை முன்னால் ஜீப்பில் ஏற்றினார்கள்.

வித்யா: அந்தக் கடை கேமராப் பதிவை இன்றே கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் நேரத்தைத் தள்ளிப் போட்டால் அதுதான் நமக்கு ஆதாரம்.

செந்தில் மாமா: எனக்குத் தாசில்தாரைத் தெரியும். அவரும் மாஜிஸ்திரேட்தானே? ஒரு வார்த்தை சொல்லச் சொல்லட்டுமா?

வித்யா: வேண்டாம் மாமா. அவர் நிர்வாக மாஜிஸ்திரேட். ஆர்.டி.ஓ., கலெக்டர் எல்லாம் அந்த வரிசை. தடை உத்தரவு போடுவது, சண்டை போட மாட்டேன் என்று எழுதி வாங்குவது இதெல்லாம் அவர்கள் வேலை. ரிமாண்ட் செய்து காவலில் வைப்பதா, பெயிலா என்று பார்க்கிறவர் ஜே.எம். கோர்ட்டில் இருக்கிற ஜுடிஷியல் மாஜிஸ்திரேட். அவர் ஹைகோர்ட்டின் கீழ் வருகிறவர், கலெக்டர் கூட அவருக்கு உத்தரவு போட முடியாது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இரண்டையும் பிரித்தார்கள். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அந்தப் பிரிவினை இருக்கிறது.

பெரியப்பா: ஜே.எம். சின்ன கோர்ட்தானேம்மா. நேரே மேலே செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டால் என்ன?

வித்யா: அவர் மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை தர முடியாது, உண்மைதான் பெரியப்பா. ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே சரவணனை முதலில் பார்க்கப் போகிற அதிகாரி அவர்தான். போலீஸ் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை இல்லை. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்கில், கைது தேவையா என்று பார்க்காமல் ரிமாண்ட் செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

மாலா சித்தி: உதடு வீங்கியிருக்கிறது வித்யா. கேட்டால் சண்டையில் பட்டது என்கிறான். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான்.

வித்யா: சித்தி, இதுதான் முக்கியம். ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவார்கள். யார் அடித்தார்கள் என்பதை டாக்டரிடம் சொல்லட்டும். அப்புறம் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லட்டும். போலீஸ் பக்கத்தில் நிற்கிறதே என்று பயந்து "ஒன்றுமில்லை" என்றால் அதுவே பதிவாகிவிடும். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள், கேட்கலாம்.

வித்யா: 2020-இல் சாத்தான்குளத்து அப்பாவும் மகனும் அடிபட்ட உடம்போடு ரிமாண்ட் ஆகித்தான் கோவில்பட்டி சப்-ஜெயிலுக்குப் போனார்கள். அந்த இடத்தில் யாராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அவர்கள் இறந்த பிறகு விசாரிக்கப் போனவரும் ஒரு மாஜிஸ்திரேட்தான். ஸ்டேஷனில் அவருக்கே ஒத்துழைப்பு இல்லை. ஹைகோர்ட் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறைக் கட்டுப்பாட்டில் வைத்தது. அங்கிருந்த பெண் தலைமைக் காவலர் துணிந்து அவரிடம் வாக்குமூலம் தந்தார்.

செந்தில் மாமா: அந்தச் செய்தி வந்த நாளில் சாப்பாடே இறங்கவில்லை.

மாலா சித்தி: வக்கீலுக்குப் பணம்?

வித்யா: நான் வருகிறேன் சித்தி, என்ன பணம்? பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்துப் பிடித்தார்களாமே, அவன் அம்மாவிடம் 15100-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். இலவச வக்கீல் கிடைக்கும்.

வித்யா: காலையில் நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். மாமா, ஜாமீன் நிற்க இரண்டு பேர் ஆதாரோடு தயாராக இருக்கட்டும். வீட்டு வரி ரசீது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

பெரியப்பா: ஒரு ஆள் நான். ரசீது பீரோவில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.