மறு: மறு: மதிப்பீட்டு அட்டையில் 'குட்டிக்கரணம்' நிற்குமா?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

தொடக்க வகுப்புகளுக்கான சீருடற்பயிற்சி (ஜிம்னாஸ்டிக்ஸ்) மதிப்பீட்டு அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சமநிலை, குதித்து இறங்குதல் இரண்டுக்கும் சொல் அமைந்துவிட்டது. உருளும் பகுதியில்தான் தடுமாற்றம். அதில் நான்கு திறன்கள்: கையைத் தலைக்கு மேல் நீட்டிக் கட்டைபோலப் பக்கவாட்டில் உருளுவது, முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் உருளுவது, முன்பக்கம் உருளுவது, பின்பக்கம் உருளுவது. மூன்றாவதற்கு வரைவில் 'குட்டிக்கரணம்' என்று போட்டிருக்கிறேன். ஆசிரியர் மட்டுமல்ல, இணையாக நிற்கும் குழந்தையும் இதைப் படித்துக் குறிக்கும்.

பார்க்க வேண்டிய கூறுகள் ஐந்து. குந்திய நிலையில் உள்ளங்கை இரண்டும் தோளகலத்தில் ஊன்றியிருக்க வேண்டும். தாடை நெஞ்சை ஒட்ட வேண்டும். இடுப்பு தலைக்கு மேல் எழும்பி, மேல்முதுகு தரையில் பட வேண்டும். முதுகு வளைவு கலையாமல், குதிகால் புட்டத்தை ஒட்டி வர வேண்டும். கை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். இருந்தால் 1, இல்லையென்றால் 0. இரண்டு முயற்சிகள், மொத்தம் 10.

உடற்கல்வி ஆசிரியர்:

'குட்டிக்கரணம்' வேண்டாம். அந்தச் சொல் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறது. விரிப்பில் உடல் தரையை விட்டுப் பிரியாமல் சுற்றுவது ஒன்று. காலை உதைத்து எழும்பி, கையும் தலையும் தரையில் படாமல் காற்றிலேயே சுற்றி இறங்குவது மற்றொன்று. இரண்டாவதைத் தொடக்க வகுப்பில் யாரும் மதிப்பிடப் போவதில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் குழந்தை அதையும் முயன்று பார்க்கும்.

இன்னொன்றும் உண்டு. குட்டிக்கரணம் போடச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் உச்சந்தலையை ஊன்றிக் காலை வீசுகிறார்கள். எடை முழுக்கக் கழுத்தில் இறங்குகிறது, முதுகு பலகைபோல 'தொப்'பென்று விழுகிறது. இரண்டாம், மூன்றாம் கூறுகளில் 0 வாங்க வைக்கும் பழக்கம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தலைகீழ் உருளல்' என்றும் யாரும் முன்மொழிய வேண்டாம். தலை தரையில் ஊன்றக் கூடாத செயலுக்குப் பெயரில் தலை எதற்கு? நான் சொல்வது: முன்னுருளல், பின்னுருளல்.

இலக்கண ஆர்வலர்:

முன்னுருளல் சரியான ஆக்கம். தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். சிலர் 'முன்னுருட்டல்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது பிழை. உருள் தன்வினை, உருட்டு பிறவினை. குழந்தை தானே உருண்டால் உருளல், ஆசிரியர் இடுப்பைப் பிடித்துத் தள்ளினால் உருட்டல். மதிப்பெண் உருளலுக்கு மட்டும்தானே?

கரணம் தமிழல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'செய்' என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. தொல்காப்பியத்தில் 'ஐயர் யாத்தனர் கரணம் என்ப' என்னும்போது அது மணச் சடங்கு. ஆடல் நூலார் நூற்றெட்டுக் கரணம் என்னும்போது கையும் காலும் சேர்ந்த ஆடல் நிலை. 'கரணம் தப்பினால் மரணம்' என்னும்போது கழைக்கூத்தாடியின் வித்தை. ஆறு வயதுக் குழந்தையின் அட்டைக்கு இத்தனை சுமை எதற்கு?

தமிழாசிரியர்:

ஐயா, தொல்காப்பியத்திலேயே வந்த சொல்லை இன்னும் வெளியாள் என்று நிறுத்தி வைப்பது நியாயமா? குட்டிக்கரணம் எல்லாக் குழந்தைக்கும் வீட்டிலேயே தெரிந்த சொல். தெரிந்த சொல்லை எடுத்துவிட்டுத் தெரியாததை வைத்தால், குழந்தை குறிக்க வேண்டிய அட்டையை ஆசிரியர் படித்துக் காட்ட வேண்டிவரும்.

பொருளிலும் எனக்குக் குறை தெரிகிறது. குட்டிக்கரணம் போட்டான் என்றால் சுற்றி எழுந்தான் என்று பொருள். உருண்டான் என்றால் உருண்டு கிடந்தாலும் சரிதான். ஐந்தாம் கூறு பெயருக்குள்ளேயே இருக்கும் சொல்லை ஏன் கைவிடுகிறீர்கள்?

'பின்னுருளல்' படிப்பதிலும் சிக்கல். இரண்டாம் வகுப்புக் குழந்தை அதைப் 'பின்னு' என்று நிறுத்திவிட்டுப் பிறகு 'ருளல்' என்று தேடும். சடை பின்னுவதுதான் நினைவுக்கு வரும்.

உடற்கல்வி ஆசிரியர்:

> ஐந்தாம் கூறு பெயருக்குள்ளேயே இருக்கும் சொல்

இது வலுவான வாதம், ஏற்கிறேன். ஆனால் எழ முடியாததற்குக் காரணம் எழும் இடத்தில் இல்லை. காலைச் சீக்கிரம் நீட்டிவிடுவதால் பாதம் உடலை விட்டுத் தள்ளி இறங்குகிறது, எடை பின்னால் தங்கிவிடுகிறது. அதனால்தான் குழந்தை கையைப் பின்னால் ஊன்றுகிறது. அதாவது ஐந்தாம் கூறில் 0 விழுந்தால் நான்காம் கூறைத் திரும்பப் பார்க்க வேண்டும். கூறுகளைத் தனித்தனியே குறிப்பதே இந்தக் காரணத்தைப் பிடிக்கத்தான். பெயரே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

தன்வினை, பிறவினை பற்றிச் சொன்னது அட்டைக்கே பயன்படும். 'உதவியுடன்' என்று ஒரு கட்டம் சேருங்கள். சாய்வு மெத்தையில் செய்தாலும் அதில்தான் குறிக்க வேண்டும். சரிவு பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சமதளத்தில் செய்தவரோடு அதை ஒன்றாக எண்ணக் கூடாது.

'விலக்கு' என்றும் ஒரு கட்டம் தேவை. டவுன் நோய்க்குறி (பிறவியிலேயே உள்ள ஒரு மரபணு நிலை) உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் அவர்களை முன்னும் பின்னும் உருள விடக் கூடாது. அவர்களுக்குக் கட்டைபோல உருளுவதை மதிப்பிடலாம். அங்கே பார்ப்பது, உடல் முறுக்காமல் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புகின்றனவா என்பதை. நான்கையும் ஒரே குடும்பமாக நிறுத்த 'உருளல்' வேண்டும் என்பதற்கு இதுவே என் முதல் காரணம். கட்டை உருளல், முட்டை உருளல், முன் உருளல், பின் உருளல் என்று வரிசையாக நிற்கும். 'கட்டைக் கரணம்' என்று சொல்ல முடியுமா?

இலக்கண ஆர்வலர்:

'முன் உருளல்' என்று பிரித்து எழுதுவதை ஏற்கமாட்டேன். ஒரு கலைச்சொல் ஒரே சொல்லாக நிற்க வேண்டும். இன்று குழந்தைக்காகப் பிரித்தால் நாளை மேல்வகுப்பு நூலிலும் பிரிந்தே கிடக்கும்.

வேறொன்று: 'குத்துக்கரணம்' என்றும் வழங்குகிறதே. குத்து என்பதுதான் குட்டி என்று திரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழாசிரியர்:

ஒலி ஒத்துப்போவது மட்டும் திரிபுக்குச் சான்றாகாது, ஐயா. குட்டி சிறுமையைக் குறிக்கிறது என்று கொண்டாலே போதும்.

சந்தியைப் பற்றி: சேர்த்து எழுதுவது ஆசிரியர் படிக்கும் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தை படிக்கும் பக்கத்தில் ஏவலாகவே எழுதலாமே. 'முன்னால் உருண்டு எழு.' எழுவதும் உள்ளே வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்:

நேற்றிரவு வரை வந்த மடல்களில் ஏழு பேர் 'உருளல்' பக்கம், மூன்று பேர் 'குட்டிக்கரணம்' பக்கம். ஆசிரியர் பக்கத்தில் முன்னுருளல், குழந்தை பக்கத்தில் 'முன்னால் உருண்டு எழு' என்று வைத்திருக்கிறேன். கீழே சிறிய எழுத்தில் 'வழக்கில் குட்டிக்கரணம்' என்றும் இருக்கும். உதவியுடன், விலக்கு இரண்டு கட்டங்களும் சேர்ந்துவிட்டன.

தமிழாசிரியர்:

சிறிய எழுத்தில் போட்டதற்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குத் தெரிந்த சொல்தான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர்:

பின்னுருளலில் ஒரு சொல் இன்னும் பாக்கி. உள்ளங்கை மேல்நோக்கி, கட்டைவிரல் காதை ஒட்டி, தரையில் பட்டவுடன் தள்ளிக் கழுத்தின் எடையைக் குறைக்கும் அந்தக் கைநிலைக்கு என்ன பெயர்? வரைவில் 'காதோரக் கை' என்று இருக்கிறது. வியாழனுக்குள் யாராவது சொல்லுங்கள்.