கலைச்சொல் தேவை: ரோட்டாவைரஸ் (நாளை அச்சுக்குப் போகிறது)

குழுவினருக்கு வணக்கம்.
கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான துண்டறிக்கை நாளை அச்சகம் போகிறது. 'இரைப்பைக் குடல் அழற்சி' என்று தலைப்பிட்டிருக்கிறேன். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அதை உண்டாக்கும் ரோட்டாவைரஸ், நோரோவைரஸ் இரண்டுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும்.
— மொழிபெயர்ப்பாளர்

அம்மா,
ரோட்டா என்றால் இலத்தீனில் சக்கரம். நுண்ணோக்கியில் ஆரக்கால் வைத்த சக்கரம்போலத் தெரிந்ததால் 1974இல் அப்படிப் பெயரிட்டார்கள். சக்கரத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமா? திகிரி, ஆழி, நேமி, உருளி. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்னும் குறளில் காலும் சக்கரமே. 'நேமியொடு வலம்புரி பொறித்த' என்கிறது முல்லைப்பாட்டு. ஆகவே 'நேமித் தீநுண்மி' (தீநுண்மி என்றால் வைரஸ்). நோரோ, ஒகையோவின் நார்வாக் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அதை அப்படியே விடலாம்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, முல்லைப்பாட்டின் நேமி திருமால் கையில் இருப்பது. குழந்தையை வாட்டும் கிருமிக்கு அதுவா கிடைத்தது? 'திகிரி' போதும்.
— கல்லூரி விரிவுரையாளர்

ஐயா, அம்மா,
நான் குழந்தை மருத்துவர். போன வாரம் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று வந்தது. பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது என்று பாட்டி இரண்டு நாள் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னிடம் வரும்போது கண் குழிந்திருந்தது; அழுதால் கண்ணீர் இல்லை; வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. இந்தப் பாட்டியிடம் 'அழற்சி' என்றால் உடம்புச் சூடு என்று நினைப்பார். போவது நீர், கொடுக்க வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல். 'வயிற்றுப்போக்கு' என்று எழுதுங்கள்.
தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தைகளுக்கு ரோட்டாவைரஸ் தடுப்புச் சொட்டு மருந்து கொடுக்கிறோம். தாயின் கையிலுள்ள தடுப்பூசி அட்டையில் 'ரோட்டா' என்றுதான் இருக்கிறது. நேமி என்றால் அது வேறு ஏதோ நோய் என்று அந்தத் தவணையை விட்டுவிடுவாள்.
— குழந்தை மருத்துவர்

டாக்டர் சொல்வது நியாயம். அட்டையோடு மோத வேண்டாம். ஆனால் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி என்றெல்லாம் பெயர் வைத்தவர்கள் இலத்தீன் படித்தவர்களா? ஐம்பது ஆண்டுகளாக இதற்கொரு பெயர் வைக்காமல் இருந்தது நம் தவறு. அடுத்த பாடநூலிலாவது நேமி வர வேண்டும்.
— தமிழாசிரியர்

'ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு' என்று முடித்துவிட்டேன். அழற்சியை எடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்று: வைரஸா, வைரசா?
— மொழிபெயர்ப்பாளர்

வைரசு. கிரந்தம் வேண்டாம்.
— தமிழாசிரியர்

அட்டையில் 'ஸ்' இருக்கிறது, ஐயா.
— குழந்தை மருத்துவர்